நான்கு தவணையில் ஒரு படம்

திரைப்படத்தைப் பற்றித் தீர்ப்புக் கூறுகிறவன், தான் அதனை எவ்வாறு பார்த்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். இதனை நான் சற்றுக் காலம் தாழ்த்தியே கற்றேன். 2021 ஆகஸ்டு மாதம் எங்கள் பங்கு இளையோர் கூட்டத்தில், அப்போது பலரும் பேசிக்கொண்டிருந்த ‘சார்பட்டா பரம்பரை’யைக் குறித்து என் கருத்தைக் கேட்டார்கள். கூட்டம் என்றாலும் அவரவர் வீட்டிலிருந்தபடியே கைப்பேசியில் நிகழ்ந்த கூட்டம்தான். முற்பாதி சிறப்பு, பிற்பாதி தளர்ந்துவிட்டது, அரைமணி நேரத்தை வெட்டியிருக்கலாம் என்றேன். அதுவரை பேசாதிருந்த இளைஞர் ஒருவர், வடசென்னையிலிருந்து எங்கள் ஊருக்குக் குடிவந்த குடும்பத்தைச் சேர்ந்தவர், “ஃபாதர், படத்த ஒரே மூச்சில பாத்தீங்களா?” என்று கேட்டார்.

இல்லை. நான்கு தவணையில் பார்த்திருந்தேன். அதனை அன்று ஒப்புக்கொள்ளவில்லை. வேறொன்றைக் கூறிச் சமாளித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

பெருந்தொற்று நம் படம் பார்க்கும் வழக்கத்தை எவ்வாறு மாற்றிற்று என்பதைப் பேசுவோர் பெரும்பாலும் வணிகத்தையே பேசுகின்றனர். அந்த வரலாற்றை வாசகர்கள் அறிவர். 2020 மார்ச்சு நடுவில் தமிழ்நாட்டுத் திரையரங்குகள் மூடப்பட்டன. ‘பொன்மகள் வந்தாள்’ நேரே இணையத்தில் வெளிவரும் என்ற செய்தி ஏப்ரலில் வந்ததும், அதனைத் தயாரித்த நிறுவனத்தின் படங்களை இனித் திரையிடமாட்டோம் எனத் திரையரங்க உரிமையாளர்கள் தரப்பில் எச்சரித்தார்கள். படம் மே 29இல் இணையத்தில் வந்தது. வானம் இடிந்து விழவில்லை. நவம்பர் 10இல் பாதி இருக்கைகளோடு அரங்குகள் திறந்தன. 2021 சனவரி 13இல் ‘மாஸ்டர்’ அரங்குகளை நிறைத்தது. பதினாறே நாளில் அதுவும் வீட்டுத் திரைக்கு வந்து சேர்ந்தது. இரண்டாம் அலையில் ஏப்ரல் 26 முதல் மீண்டும் பூட்டு. ஆகஸ்டு 23இல் மீண்டும் திறப்பு. இன்று பல படங்கள் ஏறத்தாழ நான்கு வாரத்தில் வீட்டுக்கு வந்துவிடுகின்றன. காத்திருப்போம் என்று மக்கள் சொல்லக் கற்றுக்கொண்டார்கள்.

இவற்றால் யாருக்கு எவ்வளவு இழப்பு என்பது அவரவர் கணக்கு. என் அக்கறை வேறு. பார்க்கும் முறை மாறினால், பார்க்கப்படும் பொருளும் மாறிவிடுகிறது என்பதே நான் சொல்ல வருவது.

பழையதைப் போற்றிப் புதியதைத் தூற்றுவது என் நோக்கமன்று. வீட்டில் படம் பார்ப்பது நமக்குப் புதிதும் அன்று. என் சிறுவயதில் ஞாயிறு மாலைகளில் தூர்தர்சன் படத்துக்காகத் தெருவே ஒரு வீட்டுக்குள் நுழையும். எண்பதுகளில் ‘டெக்’ வாடகைக்கு எடுத்து வந்து, வண்ணத் தொலைக்காட்சியைத் திண்ணையில் வைத்து, விடிய விடிய மூன்று படம் பார்த்த ஊர்கள் எத்தனை! குருமடத்திலும் மாதம் ஒருமுறை அந்த டெக் வரும். மறுநாள் அப்படத்தைப் பற்றி நாங்கள் போட்ட சண்டை, இறையியல் வகுப்பில் போட்ட சண்டைக்குச் சற்றும் குறைந்ததன்று. அன்று வீடே அரங்கமாக இருந்தது. பெருந்தொற்று செய்தது வேறு: வீட்டுக்குள்ளும் ஆளுக்கொரு திரையைக் கொடுத்து, விரல்நுனியில் நிறுத்தவும் தாண்டவும் ஓர் அதிகாரத்தைக் கொடுத்தது. தொற்றுக்கு முன்பே தொடங்கிய போக்குத்தான் அது. பத்தாண்டில் வந்திருக்க வேண்டியது பத்து மாதத்தில் வந்துவிட்டது.

அந்த அதிகாரம் எனக்கும் வந்தது. அதன் இன்னொரு விளைவை ஒரு பாட்டியின் வாயால் கேட்டேன். கோவில் பூட்டியிருந்த நாள்களில் ஞாயிறு திருப்பலியைக் கைப்பேசி வழியே ஒளிபரப்பினோம். “நல்லா இருந்திச்சு சாமி, பிரசங்கம் நீண்டா பேத்தி ஓட்டிவிட்டிருறா” என்றார் அவர். மனத்தில் கள்ளமில்லாத பாராட்டு அது.

வீட்டுத் திரையின் நன்மையை மறைப்பதும் நேர்மையன்று. ‘மண்டேலா’ 2021 ஏப்ரலில் தொலைக்காட்சியிலேயே முதலில் வெளியானது. ஊர் இரண்டுபட்டு நிற்க, யாரும் மனிதனாக மதிக்காத முடிதிருத்துநர் ஒருவரின் ஒற்றை வாக்கு வெற்றியைத் தீர்மானிக்கும் கதை அது. சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னதாக வாக்காளர்களின் வீட்டுக்கே வந்தது. அரங்கில் வந்திருந்தால் ஒரு வாரம் தாக்குப் பிடித்திருக்குமா என்பது ஐயமே. இணையத்தில் வந்த ‘சூரரைப் போற்று’ 68ஆம் தேசிய விருதுகளில் சிறந்த படமாகத் தேர்வாயிற்று. எங்கள் பங்கில் கணவரை இழந்த ஓர் ஆசிரியை முப்பது ஆண்டாகத் திரையரங்கின் படியை மிதித்ததில்லை. தனியே போகும் பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும் என்ற அச்சம். அவர் அந்த ஓராண்டில் பார்த்த படங்களின் பட்டியலை என்னிடம் சொன்னபோது, திரையரங்கு எல்லோருக்கும் பொதுவான இடம் என்று நாம் பேசிவந்ததில் எவ்வளவு மிகை இருந்தது என்று உணர்ந்தேன்.

ஆயினும் அரங்கில் ஒன்று இருந்தது. அது குறைந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. 2021 ஏப்ரலில் ‘கர்ணன்’ படத்தை முகக்கவசத்தோடு, ஓர் இருக்கை விட்டு ஓர் இருக்கையில் அமர்ந்து பார்த்தேன். வலிப்பு வந்த சிறுமி சாலை நடுவில் துடிக்க, வண்டிகள் நிற்காமல் கடந்து போகும் தொடக்கக் காட்சி. மாரி செல்வராஜ் அதனை நம் நெஞ்சில் கல்லாக வைத்துவிட்டுப் படத்தைத் தொடங்குகிறார். பேருந்து நிற்காத ஊரின் கோபம் பிறகு வெடிப்பதற்கு அந்தக் கல்லே காரணம். அன்று அரங்கில் பாதிக்கும் குறைவான கூட்டம். நகைச்சுவைக் காட்சிகளில் சிரிப்பு எழுந்தது, ஆனால் பரவவில்லை. சிரிப்பு காலி நாற்காலியைத் தாண்டாது போலும். அழுகை தாண்டுமா என்று பார்த்தேன். தாண்டியது. எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் நிமிரும்வரை என்னாலும் நிமிர முடியவில்லை. முன்பின் அறியாத அந்த மனிதர் எனக்குப் படம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்.

‘சார்பட்டா பரம்பரை’க்கு அந்த வாய்ப்பும் கிட்டவில்லை. அரங்குகள் மூடியிருந்த 2021 சூலை 22இல் அது இணையத்தில் வெளிவந்தது. எழுபதுகளின் வடசென்னைக் குத்துச்சண்டை உலகைப் பா. இரஞ்சித் கட்டி எழுப்பியிருக்கிறார். மூன்று மணிக்குச் சற்றுக் குறைவாக நீளும் அந்தப் படத்தின் உண்மையான கதைத்தலைவன் கபிலனா, மேடையைச் சூழ்ந்து நிற்கும் கூட்டமா என்று கேட்கத் தோன்றும். பரம்பரை என்பதே கூட்டத்தின் மானம்தானே. கூட்டத்தைப் பற்றிய ஒரு படத்தை நாடே தனித்தனியாகப் பார்த்தது என்பதை எண்ணினால் வியப்பாக இருக்கிறது.

முதல் தவணையை இரவு உணவுக்குப் பின் பார்த்தேன். டான்சிங் ரோசின் சண்டை முடிந்த மகிழ்ச்சியில் உறங்கினேன். அந்தச் சண்டை தனித் துண்டாகக் கைப்பேசிதோறும் சுற்றியதை நாம் அறிவோம். முழுப்படம் பார்க்காதவர்களும் அதனைப் பார்த்திருந்தார்கள். இரண்டாம் தவணையில், வெற்றியின் விளிம்பில் நிற்கும் கபிலன் எல்லோர் முன்னும் ஆடை பறிக்கப்பட்டு அவமானப்படும் இடத்தில் தொலைபேசி ஒலித்தது. ஓர் இறப்புச் செய்தி. அந்த மே, சூன் மாதங்களில் நான் நிறைவேற்றிய அடக்கச் சடங்குகள் அதற்கு முந்தைய ஓராண்டில் நிறைவேற்றியவற்றைவிட மிகுதி. சிலவற்றில் உறவினர்கூட அருகில் வர முடியவில்லை. சூலையிலும் அது முற்றாக ஓயவில்லை. படத்தை நிறுத்திவிட்டுச் சென்றேன். மூன்றாம் தவணை மறுநாள் மதிய உணவின்போது. கபிலன் சிறை மீண்டு, சாராயத்தில் மூழ்கி, உடல் ஊதி, தாயும் மனைவியும் பார்த்துத் துடிக்கச் சிதைந்துபோகும் பகுதி. பத்து விநாடி தாண்டும் பொத்தானை எத்தனை முறை அழுத்தினேன் என்று எண்ணவில்லை. நான்காவதில் இறுதிச் சண்டையை மட்டும் பொறுமையாகப் பார்த்தேன்.

வெளியே இருந்த துயரம் போதும் என்று மனம் இருந்தது. எனவே திரையில் இருந்த துயரத்தைத் தாண்டினேன். அதன்பின் அந்தத் தாண்டலுக்குத் ‘தளர்ச்சி’ என்று பெயரிட்டு, அதனை இயக்குநரின் குறையாகச் சொன்னேன். அரங்கில் அமர்ந்திருந்தால் என்னால் அப்படித் தப்பியிருக்க முடியாது. பக்கத்தில் முழங்கால்கள் இருக்கும். எழுந்து போவதற்கு நாலு பேரைத் தொந்தரவு செய்ய வேண்டும். அந்தச் சிறு கூச்சமே பல நல்ல படங்களை நம்மைக் கடைசிவரை பார்க்க வைத்திருக்கிறது!

பெருந்தொற்று ஓய்ந்தபின் அரங்குகள் மீண்டும் நிறைகின்றனவே என்பார்கள். உண்மைதான். 2004இல் வந்த ‘கில்லி’யை 2024 ஏப்ரலில் மீண்டும் வெளியிட்டபோது கூட்டம் அலைமோதியது. தொலைக்காட்சியில் அனைவருக்கும் மனப்பாடமான படம். அவர்கள் படம் பார்க்க வரவில்லை, ஒருவரை ஒருவர் பார்க்க வந்தார்கள். அது எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் பிரேம்குமாரின் ‘மெய்யழகன்’ வந்தது. இரண்டு மனிதர்கள் ஓர் இரவு முழுதும் பேசிக்கொண்டிருக்கும் படம். நீளம் என்ற முறையீடு எழ, வெளியான சில நாளிலேயே ஏறத்தாழ 18 நிமிடங்களை வெட்டினார்கள். ஒரு மாதத்தில் அது இணையத்துக்கு வந்தபின், அரங்கில் தவறவிட்டோமே என்று வருந்தியவர்கள் பலர். பொத்தான் பழகிய விரல்களோடு நாம் அரங்குக்குள் வந்து அமர்கிறோம் என்றே நான் இதனைப் புரிந்துகொள்கிறேன். ஆரவாரம் அரங்குக்கு, அமைதி வீட்டுக்கு என்று ஒரு பாகப்பிரிவினை நடந்துகொண்டிருக்கிறது. அமைதியைக் காப்பதற்கு வீட்டில் யார் இருக்கிறார்கள்? சமையலறை, அழைப்புமணி, கைப்பேசி. இயக்குநர்களும் இதனை அறிந்துகொண்டால், நான் தாண்டிய அத்தகைய பகுதிகளை எழுதவே மாட்டார்கள். எனக்குள்ள அச்சம் அதுதான்.

2022 கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் ‘சார்பட்டா’வைப் பங்கு இல்லத்துத் தொலைக்காட்சியில் மீண்டும் பார்த்தேன். அந்த வடசென்னை இளைஞரும் இன்னும் ஐந்து பேரும் உடனிருந்தார்கள். கைப்பேசிகளை மேசையில் ஒரு தட்டில் போட்டுவிட்டு அமர்ந்தோம். அவமானக் காட்சியில் ஒருவரும் அசையவில்லை. பிற்பாதியில், குடித்துக் கெட்ட கபிலனைப் பார்த்து ஒரு சிறுவன் “சே” என்றான். அதே சிறுவன்தான் அவன் கடற்கரையில் மீண்டும் ஓடத் தொடங்கியபோது நாற்காலியின் நுனிக்கு வந்தான். வீழ்ச்சியை நிமிடம் நிமிடமாகச் சுமந்தவனுக்கே எழுச்சி உரிமையாகிறது. முன்பு இறுதிச் சண்டை எனக்கு வெறும் சண்டையாகத் தோன்றியதற்குக் காரணம் அன்று விளங்கிற்று. மாரியம்மாளின் கோபத்தை முதல் முறை நான் முழுதாகக் கேட்கவே இல்லை என்பதும் தெரிந்தது. இரஞ்சித் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்திருக்கும் இடத்தில் பாதி, நான் தாண்டிய பகுதியில்தான் இருக்கிறது.

படம் முடிந்து தேநீர் குடிக்கும்போது, அரைமணி நேரத்தை வெட்டலாம் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன் என்று அந்த இளைஞரிடம் கூறினேன். அவர் சிரித்தார். “பத்து நிமிசம் வெட்டலாம் ஃபாதர்” என்றார். எந்தப் பத்து நிமிடம் என்பதில் எங்களுக்குள் உடன்பாடு ஏற்படவில்லை. பேச்சு முடியும்போது நள்ளிரவு கடந்திருந்தது.