குண்டாஸ் தரும் ஓராண்டு

மதுரையின் தென்பகுதியில் வில்லாபுரம், கீரைத்துறை, அவனியாபுரம் பக்கம் ஒரு கொலை விழுந்தால், கைதுச் செய்தி வந்த கையோடு ஜனங்கள் கேட்பது ஒன்றைத்தான்: "குண்டாஸ் போட்டாச்சா?" குற்றப்பத்திரிகை எப்போது, விசாரணை எப்போது என்று யாரும் கேட்பதில்லை. குண்டாஸ் என்று நாம் சொல்லும், எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982-ல் வந்த 14-ஆம் எண் தடுப்புக் காவல் சட்டம், நம் நினைப்பில் நீதிமன்றத்தின் இடத்தையே பிடித்துவிட்டது. மாநகரக் காவல் ஆணையர் ஆணை பிறப்பித்தால் விசாரணையில்லாமல் ஓராண்டு வரை ஒருவரை உள்ளே வைக்கலாம். அந்த ஆணையைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகத்தின் முன் வக்கீல் வைத்து வாதாடும் உரிமைகூட அவருக்கு இல்லை.

ஆனாலும் இதைக் கறுப்புச் சட்டம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இந்தப் பகுதியில் கொலை பல நேரம் ஒன்றோடு நிற்பதில்லை. பழிக்குப் பழி என்று நீள்கிறது. செத்தவனின் நினைவு நாளில் வெட்டு விழும். ஜாமீனில் வந்தவன் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடப் போகிற வழியில் விழும். பகை கொதிக்கும் அந்த மாதங்களில் இரு தரப்பிலும் முக்கியமான நாலு பேர் உள்ளே இருந்தால் வெளியே சில உயிர்கள் தப்பும். மாமூல் கேட்டு வருகிறவன் ஓராண்டு வராமல் இருப்பது சின்னக் கடைக்காரருக்குச் சின்ன விஷயமல்ல. தெருவில் குடியிருப்பவர்களின் இந்த நிம்மதியைக் கணக்கில் எடுக்காத மனித உரிமைப் பேச்சு பாதிப் பேச்சுதான்.

கோளாறு, ஆணையின் கட்டைப் பிரித்தால் தெரியும். முதல் தகவல் அறிக்கை, பழைய வழக்குகள், ரிமாண்ட் உத்தரவு என்று கனமான ஒரு ஜெராக்ஸ் புத்தகம். அதில் ஒரு பக்கம் படிக்க முடியாமல் மங்கியிருக்கும்; ஆங்கிலத்தில் உள்ள தாளுக்குத் தமிழாக்கம் இருக்காது; குடும்பத்தார் அனுப்பிய மனு கோட்டையில் காரணமில்லாமல் கிடந்திருக்கும். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போட்டால் ஆணை ரத்து. "குண்டாஸ் உடைஞ்சிருச்சு" என்பார்கள் வக்கீல்கள். நீதிமன்றத்தைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. விசாரணையே இல்லாத சிறையில் இந்தக் காகிதங்கள்தான் மனிதனுக்குள்ள ஒரே காவல். ஆனால் விளைவைப் பாருங்கள்: நல்ல வக்கீலுக்குச் செலவழிக்க முடிந்த பெரிய கை முன்னால் வந்துவிடுகிறது, அவனுக்காக வண்டி ஓட்டிய பையன் முழு ஆண்டும் கிடக்கிறான்.

இன்னொரு சங்கதி அதிகம் பேசப்படுவதில்லை. கொலை வழக்கில் 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் கைதானவர் ஜாமீன் கேட்பது சட்டப்படி உரிமை. அந்தக் கெடுதான் புலனாய்வை விரட்டுகிற சாட்டை. குண்டாஸ் போட்டுவிட்டால் சாட்டை விழாது. ஆள்தான் உள்ளே இருக்கிறானே என்று கோப்பு தூங்கலாம். ஜாமீனைத் தடுக்க மட்டும் தடுப்புக் காவலைக் கையாளும் இந்தப் பழக்கத்தை உச்ச நீதிமன்றம் 2011-ல் ரேகா வழக்கில் கண்டித்தது. அதுவும் தமிழக வழக்குதான். சாராய வியாபாரியையும் ரவுடியையும் குறிவைத்து வந்த சட்டம் பிறகு மணல் கடத்தல், திருட்டு வீடியோ, இணையக் குற்றம் என்று விரிந்தது. 2017-ல் செயற்பாட்டாளர் திருமுருகன் காந்தி மீதும், துண்டுப் பிரசுரம் கொடுத்த சேலம் மாணவி ஒருவர் மீதும் பாய்ந்தது; அந்த ஆணைகள் பிறகு உயர் நீதிமன்றத்தில் ரத்தாயின. நன்னடத்தைப் பிணையிலும் இதே கதை. பிணை எழுதி வாங்குவதும் மீறினால் சிறைக்கு அனுப்புவதுமான அதிகாரத்தைக் காவல் துணை ஆணையர்களிடமே கொடுத்த அரசாணைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் செல்லாது என்றது.

நீதிமன்றத்தைத் தாண்டிப் போகும் இன்னொரு வழியான என்கவுன்டரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கீரைத்துறை, காமராஜர்புரம் வட்டாரத்தில் இரு கட்சிப் பிரமுகர்களின் குடும்பப் பகை இருபது ஆண்டுகளாகப் பலரைக் காவு வாங்கியிருக்கிறது. அதில் நடந்த ஒரு கொலையை ஒட்டித் தேடப்பட்டவர் 2025 மார்ச் 31 அன்று போலீஸ் குண்டுக்குப் பலியானார். ஏவியது யார், பணம் கொடுத்தது யார் என்று நீதிமன்றத்தில் அவர் வாயால் வந்திருக்கக்கூடியதெல்லாம் அவரோடு போய்விட்டது.

வில்லாபுரத்துக்கு இதைவிடப் பெரிய பாடம் ஒன்று உண்டு. 1996 உள்ளாட்சித் தேர்தலில் மார்க்சிஸ்ட் கட்சி சார்பில் ஜெயித்து மாமன்ற உறுப்பினரான லீலாவதி, நெசவுக் குடும்பத்துப் பெண். குடிதண்ணீரை விலைக்கு விற்றவர்களை எதிர்த்து நின்று, வில்லாபுரத்துக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவரப் போராடினார். 1997 ஏப்ரல் 23 அன்று பட்டப்பகலில் கடைத்தெருவில் வெட்டிக் கொன்றார்கள். வெட்டியவர்கள் அன்றைய ஆளுங்கட்சியைச் சேர்ந்தவர்கள். அப்படியிருந்தும் வழக்கு நின்றது. ஆயுள் தண்டனை கிடைத்தது. குண்டாஸ் தராத ஒன்றைச் சாதாரணச் சட்டம் தந்தது: இன்னார்தான் கொலைகாரர் என்ற, எல்லோரும் அறிய எழுதப்பட்ட தீர்ப்பு. ஆனால் 2008-ல் அண்ணா நூற்றாண்டையொட்டி 1,405 ஆயுள் கைதிகளை அரசு விடுவித்தபோது, இந்த வழக்கில் தண்டனை பெற்றவர்களும் அதில் வெளியே வந்தார்கள். விசாரணையில்லாமல் ஓராண்டு அடைத்துவைக்கத் தயங்காத அரசு, விசாரணை முடிந்து விதித்த தண்டனையை அரசியல் கணக்கில் குறைத்தால், அடுத்த கொலைக்குச் சாட்சி சொல்ல யார் கூண்டேறுவார்கள்?

அதனால் குண்டாஸை மதிப்பிட எனக்கு ஒரே அளவுகோல்தான்: கிடைத்த ஓராண்டில் என்ன செய்கிறோம்? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 2005-ல் காவல்துறையே வன்முறைத் தடுப்புப் பிரிவு ஒன்றைத் தொடங்கி, மருத்துவர்களையும் ஆசிரியர்களையும் சேர்த்துக்கொண்டு கத்தி தூக்கிய பையன்களை வேலைக்குத் திருப்பியது. அந்த நாட்டில் கொலைகள் அடுத்த பதினைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ பாதியாயின. நம் ஊரில் அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய அடிப்படை வேலையே பாக்கி. சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2018-லேயே நாடு முழுவதற்கும் சட்டமாக்கியது. குண்டாஸ் ஆணை பிறப்பிக்கும் நாளிலேயே அந்தக் கொலையின் சாட்சிகளுக்குப் பாதுகாப்பு கோரும் மனுவும் போக வேண்டும். 90 நாளில் குற்றப்பத்திரிகை, தடுப்புக் காவல் முடியும் முன் சாட்சி விசாரணை என்று ஆணையர் அலுவலகம் தனக்கே கெடு விதித்துக்கொள்ள வேண்டும். தண்டனைக் குறைப்புக் கோப்பு எந்த ஆட்சியில் நகர்ந்தாலும், கொலையுண்டவரின் குடும்பத்தையும் சாட்சி சொன்னவர்களையும் கேட்காமல் அதில் கையெழுத்து விழக் கூடாது.