இரண்டாம் சரணம் எங்கே போனது?

சங்க மலரில் சிலம்பையும் குறளையும் பற்றி அறிஞர் பெருமக்கள் எழுதும் பக்கங்களுக்கு நடுவே, டி.வி. பாட்டுப் போட்டியையும் மெல்லிசைக் கச்சேரியையும் பற்றி எழுத ஒரு ரசிகன் வந்து நிற்பதைப் பொறுத்தருள வேண்டும். எனக்கு ராகம் கண்டுபிடிக்கத் தெரியாது. தாளம் தொடையில் போடுவேன், அதுவும் சில சமயம் தப்பும். ஆனாலும் ஒரு கேள்வி ரொம்ப நாளாய் உறுத்துகிறது. தில்லியில் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தாவது கிடைக்கிறது. மற்றப் பிள்ளைகளுக்கு, வீட்டில் பேசும் நாலு வார்த்தை போக, மனப்பாடமாகும் தமிழ் எது? சினிமாப் பாட்டுத்தான். அப்படியானால் அந்தப் பாட்டை அவர்களிடம் கொண்டுவந்து சேர்க்கும் டி.வி.யையும் மேடையையும் பற்றிக் கொஞ்சம் கறாராகப் பேசுவதில் தவறில்லை.

எண்பதுகளில் சென்னைத் தூர்தர்ஷனின் 'ஒளியும் ஒலியும்' நிகழ்ச்சியை ஊரிலிருந்து வரும் உறவினர் வர்ணிக்கத்தான் கேட்டிருக்கிறோம். நமக்குக் கிடைத்தது தேசிய ஒளிபரப்பில் ஞாயிறு மதியம் போடும் மாநில மொழிப் படம். அதிலும் தமிழின் முறை வருவதற்குள் மற்ற மொழிகள் எல்லாம் வரிசையாய் வந்து போகும். 1993-இல் சன் டி.வி. தொடங்கியது. பிறகு கேபிள்காரர் மனம் வைத்ததும் நம் வீடுகளில் தமிழ்ப் பாட்டுக்குப் பஞ்சம் தீர்ந்தது.

அன்று வந்த நிகழ்ச்சிகளில் என் மதிப்பில் உயர்ந்து நிற்பது 'பாட்டுக்குப் பாட்டு'. இலங்கை வானொலியில் வளர்ந்த பி.எச். அப்துல் ஹமீது அதை நடத்தினார். ஓர் எழுத்தைக் கொடுப்பார். அந்த எழுத்தில் தொடங்கும் பாட்டைப் பாட வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். ஆனால் அந்த ஆட்டத்தை ஆடக் குறில் எது, நெடில் எது என்று தெரிந்தாக வேண்டும். குரல் சுமாராக இருந்தாலும் பாதகமில்லை, பாட்டின் சொல் தெரிந்திருக்க வேண்டும். அறிவிப்பாளரின் தமிழோ, ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியே காதில் விழும் தமிழ். எங்கள் வீட்டில் சோபாவில் உட்கார்ந்தபடியே எல்லோரும் போட்டியில் கலந்துகொள்வோம். "அப்பா, இது 'எ'வா, 'ஏ'வா?" என்று பிள்ளை கேட்டால் அன்றைய தமிழ்ப் பாடம் முடிந்தது என்று அர்த்தம்.

ஜெயா டி.வி.யில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் நடத்திய 'என்னோடு பாட்டுப் பாடுங்கள்' இன்னொரு வகை. பாட்டை எழுதியவர் யார், மெட்டமைத்தவர் யார், ஒலிப்பதிவின்போது என்ன நடந்தது என்று அவர் கதை சொல்வார். பாட்டுக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது பிள்ளைகளுக்குப் புரிந்தது.

2006-இல் விஜய் டி.வி.யில் 'சூப்பர் சிங்கர்' தொடங்கியது. அதைக் குறை சொல்லவே வந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இத்தனை நல்ல குரல்கள் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஒளிந்திருந்தன என்பதை அந்த நிகழ்ச்சிதான் காட்டிற்று. பழைய பாட்டைப் பத்து வயதுப் பிள்ளை பிசிறில்லாமல் பாடுவதைக் கேட்டு நானும் கண் கலங்கியிருக்கிறேன். ஆனால் அதோடு சில பழக்கங்களும் வந்து சேர்ந்தன. சுருதி நின்றதா, சங்கதி விழுந்ததா, மேல் ஸ்தாயி எட்டியதா என்று நடுவர்கள் அலசுகிறார்கள். வரிக்கு என்ன பொருள் என்ற கேள்வி அபூர்வமாகத்தான் வரும். மதிப்பெண் வரும் முன் ஒரு நீண்ட மௌனம், அம்மாவின் முகம், அப்பாவின் கைக்குட்டை. பாட்டோ பெரும்பாலும் பல்லவி, ஒரு சரணம் என்று முடிந்துவிடும். இரண்டாம் சரணத்துக்கு நேரமில்லை.

இது சின்ன விஷயம் இல்லை. பல்லவி காதைப் பிடிக்கிறது, முதல் சரணம் மெட்டைக் காட்டுகிறது. இரண்டாம் சரணத்தில் மெட்டு நமக்குப் பழகிவிடும். ஆகவே காது தானாகச் சொல்லுக்குப் போகும். கதையை ஒரு படி நகர்த்தும் வரி பல நல்ல பாட்டுகளில் அங்கேதான் இருக்கிறது. அதை வெட்டிவிட்டால் மிச்சமிருப்பது பாட்டின் விளம்பரம்தான்.

இனி மேடைக்கு வருவோம். அறுபதுகளின் கடைசியில் எஸ்.பி.பி. நடத்திய மெல்லிசைக் குழுவில் இளையராஜாவும் அவருடைய சகோதரர்கள் பாஸ்கர், கங்கை அமரன் ஆகியோரும் வாசித்தார்கள். ஆகத் திரையிசையின் பெரும் புள்ளிகளுக்கே மேடைதான் பள்ளிக்கூடம். அந்த மேடையில் எதிரே ஜனம், பக்கத்தில் வாத்தியம். பாடுகிறவர் ஒரு வரியை மறந்தால் தபேலாக்காரர் அதே நடையை இன்னும் இரண்டு ஆவர்த்தம் சுற்றிப் பிடித்து வைத்திருப்பார். கீபோர்டுக்காரர் முதல் சொல்லின் ஸ்வரத்தை மெல்லத் தொட்டுக் காட்டுவார். பாடுகிறவர் கரையேறிவிடுவார்.

இன்று நம் ஆண்டு விழாக்களில் நடப்பது வேறு. பென் டிரைவில் கரோக்கி. அது யாருக்காகவும் காத்திராது. மேடை நடுக்கத்தில் ஒரு வரி தப்பிய குழந்தை, இசை பாட்டுக்கு முன்னே ஓட, கையில் மைக்கோடு நிற்பதை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! சில வருஷங்களுக்கு முன் ஒரு விழாவுக்குப் பெருந்தொகை கொடுத்து ஒரு பிரபலப் பாடகரை அழைத்தார்கள். அவரும் பாதிப் பாட்டைக் கரோக்கிக்கும், மீதியை "நீங்க பாடுங்க!" என்று ஜனங்களுக்கும் விட்டுவிட்டு விமானம் ஏறினார். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அன்று கிடைத்தது மொத்தம் பதினைந்து நிமிஷம்.

இதைக் கமிட்டியில் சொன்னேன். "அதெல்லாம் சரி சார், பேர் பெத்தவங்க வந்தாத்தானே ஜனங்க வர்றாங்க?" என்றார் ஒரு நண்பர். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. அரங்கம் காலியாக இருந்தால் அடுத்த வருஷம் விளம்பரம் கொடுப்பவர் யோசிப்பார். ஆனால் ஜனம் ஒரு முறை வந்து போவது வேறு, சங்கத்துப் பிள்ளை மறுபடியும் மறுபடியும் வருவது வேறு.

இன்னொரு ஆட்சேபம்: "தமிழே படிக்கத் தெரியாத பிள்ளைகள் எப்படி சார் பாட்டை முழுசாப் பாடும்?" இதற்குச் சரித்திரமே பதில். பி. சுசீலாவும் எஸ். ஜானகியும் எஸ்.பி.பி.யும் தெலுங்கர்கள். ஜேசுதாஸ் மலையாளி. டி.எம். சௌந்தரராஜன் மதுரையில் பிறந்தவர் என்றாலும் தாய்மொழி சௌராஷ்டிரம். முதலில் வாய்ப்புக் கேட்டுப் போனபோது, தமிழ் உச்சரிப்பைத் திருத்திக்கொள்ளும்படி எம்.எஸ். விஸ்வநாதன் தன்னிடம் சொன்னதை எஸ்.பி.பி. பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். திருத்திக்கொண்டார். தமிழுக்காகத் தேசிய விருதும் பெற்றார்.

நம் பிள்ளைகள் பாட்டை இந்தி எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகிறார்கள். அதில் ஒரு லாபம் உண்டு. 'கங்கை'யில் ஒரே 'க' இரண்டு விதமாய் ஒலிப்பதைத் தமிழ் எழுத்து காட்டாது, இந்தி எழுத்து காட்டிவிடும். நஷ்டமும் உண்டு. இந்தியில் குறில் எகரமும் ஒகரமும் இல்லை. ஆகவே 'செல்வம்' 'சேல்வம்' ஆகும், 'மொழி' 'மோளி' ஆகும். 'ழ' கிடையவே கிடையாது, 'ற'வும் 'ர'வும் ஒன்றாகிவிடும். தெலுங்கு எழுத்தில் அந்தக் குறில்கள் இரண்டும் இருப்பதால் எஸ்.பி.பி.க்கு இதில் பாதி வேலை மிச்சம். நம் பிள்ளைகளுக்கு யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். தாத்தா பாட்டிகள் எதற்காக இருக்கிறார்கள்?

புதுப் பாட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2011-இல் 'கொலவெறி' பாட்டு தில்லிக் கல்லூரிகளை ஒரு கலக்குக் கலக்கியதே, அதில் தமிழ்ச் சொல் கொஞ்சம்தான். ஆனால் "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று பஞ்சாபிப் பிள்ளைகள் நம் பிள்ளைகளைச் சூழ்ந்துகொண்ட அந்த ஒரு மாதம், நம் பிள்ளைகள் வகுப்பிலே வாத்தியார் ஆனார்கள். அந்தப் பெருமிதத்தை நான் மறுக்க மாட்டேன். ஒரு சொல்லுக்கே இத்தனை மரியாதை என்றால், ஒரு முழுப் பாட்டுக்கு எத்தனை இருக்கும்?

என் யோசனை எளியது. விருந்தினருக்குத் தரும் தொகையில் ஒரு பகுதியை ஒதுக்கி, தில்லியிலேயே இருக்கும் நான்கு வாத்தியக்காரர்களை ஆறு ஞாயிற்றுக்கிழமைக்கு அழைப்போம். கீபோர்டு, கித்தார், தபேலா, டோலக் போதும். ஒவ்வொரு பிள்ளையும் ஒரே ஒரு பாட்டு. பொருள் தெரிந்து, இரண்டு சரணமும் பாட வேண்டும். மதிப்பெண் கிடையாது. இடைவேளையில் பெரியவர்களுக்கு 'பாட்டுக்குப் பாட்டு' வைத்துக்கொள்வோம்.

நட்சத்திரம் வராத விழாவில் இரண்டு வரிசை நாற்காலி காலியாக இருக்கலாம். இருக்கட்டும். பாடுகிற பிள்ளை இரண்டாம் சரணத்தில் தடுமாறினால், தபேலாக்காரர் காத்திருப்பார். நாமும் காத்திருப்போம்.