உப்புக் கணக்கும் உலகத்தின் வயதும்

விழுப்புரம் மாவட்டத்தில், கழுவெளியை அடுத்த கடற்கரையிற் பரந்து கிடப்பன மரக்காணத்து உப்பளங்கள். பாத்திகளிற் பாய்ச்சிய உவர்நீர் வெயிலாற் சுண்ட, உப்பு அடியிற் படியும். அதனை வாரிக் கரையிற் குவிப்பர். பின்னர் வண்டிகள் ஏற்றிச் செல்லும். உலகத்தின் வயதுபற்றிப் படைப்புக் கொள்கையினர்க்கும் அறிவியலார்க்கும் நிகழும் வாதங்களுள் ஒன்றனை ஆராய்தற்கு இவ்வெளிய தொழிலே தக்க உவமையாம்.

அயர்லாந்துப் பேராயர் அஷர் 1650இல் விவிலியத்து வமிச வரலாறுகளைக் கூட்டி, படைப்பு கி.மு. 4004இல் நிகழ்ந்ததென்றார். 1715இல் எட்மண்டு ஹாலி, நீர்நிலைகளில் உப்பு ஏறும் வீதங்கொண்டு உலகின் பழமையை அளக்கலாமென வழிகாட்டினார். அவ்வழிச் சென்ற ஜான் ஜோலி 1899இல், கடலிலுள்ள சோடியத்தை ஆறுகள் ஆண்டுதோறும் கொணரும் சோடியத்தால் வகுத்து, உலகின் வயது சுமார் 9 கோடி ஆண்டென முடித்தார். அறிவியலார் இக்கணக்கைக் கைவிட்டபின், படைப்புக் கொள்கையினர் அதனைக் கையிலெடுத்தனர். ஆஸ்டின், ஹம்ப்ரீஸ் என்னும் இருவர் 1990இல் பிட்ஸ்பர்க் மாநாட்டில், கடலுக்கு ஆண்டில் சுமார் 46 கோடி டன் சோடியம் வருகிறது, 12 கோடி டன்னே கழிகிறது, ஆகலின் கடலின் வயது 6.2 கோடி ஆண்டினை மிகாது என்று வாதித்தனர்.

இவ்வாதத்தின் ஏது, கழிவு இவ்வளவே, அது முன்னும் இவ்வளவே என்பதாம். அது நிலைபெற்றதோ எனின், இல்லை. கடலடியில் வெந்நீரூறும் எரிமலைப் பாறைகள் சோடியத்தைத் தம்முள் ஏற்றுக்கொள்ளும். அதனை அவர் கணக்குப் போதிய அளவு கொள்ளவில்லை. கழிவும் எக்காலத்தும் ஒருதன்மைத்தன்று. சுமார் 60 இலட்சம் ஆண்டின் முன் மத்தியதரைக் கடல் பெரிதும் வற்றி, சிலவிடத்து ஒரு கிலோமீட்டரினும் தடித்த உப்புப் படுகையை விட்டது. 1970இல் குளோமார் சாலஞ்சர் என்னுங் கப்பல் கடலடியைத் துளைத்து அதனைக் கண்டது. அங்ஙனம் இயற்கையே பேரளவில் உப்பு விளைத்துப் புதைத்த காலங்கள் பல. எனவே இவ்வேது அசித்தம் என்னும் ஏதுப்போலியாம்.

மரக்காணத்துக் கரையிற் கிடக்கும் குவியலை ஒருநாள் விளைவால் வகுத்தால், கடைசி வண்டி சென்றபின் கழிந்த நாளே கிடைக்கும். அளம் தோன்றிய காலம் கிடையாது. ஜோலியார் கண்டதும், சோடியம் கடலில் தங்குங் காலமேயன்றிக் கடலின் வயதன்று. அலுமினியத்தைக்கொண்டு இக்கணக்கையே செய்யின், கடலின் வயது சில நூறாண்டாகச் சுருங்கும். அதனை அவ்விருவரும் ஏலார்.

அறிவியலார் கொண்ட ஏது வேறு. யுரேனியத்தின் இருவகை அணுக்கள், ஒன்று சுமார் 447 கோடி ஆண்டிலும் மற்றது சுமார் 70 கோடி ஆண்டிலும் பாதியாய்க் குறைந்து ஈயமாகும். விண்கற்களின் ஈயத்தை ஆராய்ந்து கிளேர் பாட்டர்சன் 1956இல் 455 கோடி ஆண்டென்றார். இன்று கொள்ளப்படுவது சுமார் 454 கோடி. வெவ்வேறு வீதத்தில் ஓடும் இருவகையும் ஒரே முடிபுக்கு வருதல் இவ்வேதுவின் வலியாம்.

அற்றேல், அக்காலத்தில் நீ இருந்து கண்டனையோ என்று படைப்புக் கொள்கையினர் வினவுவர். இது காட்சி ஒன்றனையே அளவையெனக் கொள்ளும் உலகாயதர் வினா. புகையால் நெருப்பை உணர்தலை மறுப்பார்க்கு, உலகினால் கருத்தாவை உணர்தலும் கூடாது. இறைவனை நாட்டப் புகுந்தார் இறைவனை நாட்டும் அளவையையே வெட்டுதல் வியப்பே.

இனி, நம்மவருட் சிலர் செய்யும் பிழையும் விலக்கற்பாலது. கற்பம் ஒன்று 432 கோடி ஆண்டு. அறிவியல் கண்டது 454 கோடி. ஆகவே முன்னோர் முன்னரே உணர்ந்தனர் என மகிழ்வர். கற்பத்தின் முழு நீளமும் உலகின் கழிந்த வயதும் ஒன்றல்ல. சங்கற்பத்தில் ஓதப்படுமாறு ஏழாம் மனுவந்தரத்து 28ஆம் சதுர்யுகத்தில் நிற்பதாகக் கொள்ளின், இக்கற்பத்திற் கழிந்தது சுமார் 197 கோடியே. மரக்காணத்துக்கு மேற்கே செஞ்சி வட்டாரத்துப் பாறைகளோ சுமார் 250 கோடி ஆண்டின. எண்ணொப்புமையை நம்பி நூலுக்குச் சான்று தேடினால், எண் வேறுபட்ட அன்றே நூலும் பழிக்கப்படும். ஜோலியாரின் 9 கோடியைக் கொண்டு நம் நூலை அளந்திருந்தால் அன்றே தோற்றிருப்போம்.

சிவஞானபோதத்து முதற்சூத்திரம் ஆண்டுக்கணக்கின்மேல் நிற்பதன்று. தோன்றி நின்று ஒடுங்குவது உலகம். அது சடமாகலின் தானே தொழிற்படாது. ஆதலின் நிமித்தகாரணன் ஒருவன் வேண்டும் என்பதே அதன் ஏது. முதற்காரணமாகிய மாயை அநாதி. உலகம் ஆறாயிரம் ஆண்டினதாயினும் 454 கோடி ஆண்டினதாயினும் இவ்வேது மாறாது. வயது மிக்கதென்பதனாலேயே கருத்தா இல்லையென்பாரும், வயது குறைந்தாலன்றிக் கருத்தா நிலைபெறானென்பாரும் ஒரே வழுவுடையார்.

திருஞானசம்பந்தர் பாடல்பெற்ற திருவக்கரையிற் கல்லாய்ச் சமைந்து கிடக்கும் மரங்கள் சுமார் 2 கோடி ஆண்டின என்ப. அவற்றைக் கண்டு சந்திரமௌலீசுவரரை வணங்கச் செல்லும் அடியார்க்கு அவ்வெண்ணால் அச்சமுமில்லை, அதனை நூலுக்கு இணக்கவேண்டிய கடமையுமில்லை. சிவஞான சித்தியார் அளவையை முதற்கண் வைத்தது, பொருள் துணியுமுன் ஏதுவைச் சோதித்துக்கொள்ளுதற்கே.