படிவத்தின் உரிமையாளர் யார்? இணையப் படிவ மென்பொருள்கள் பற்றிய விமர்சனம்

இணையப் படிவங்களை உருவாக்கும் மென்பொருள்களை மதிப்பிடுவோர் பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: நிரல் எழுதத் தெரியாத ஒருவர் எவ்வளவு விரைவாக ஒரு படிவத்தைத் தயாரிக்க முடியும்? இந்த அளவுகோலில் கூகுள் ஃபார்ம்ஸ், மைக்ரோசாப்ட் ஃபார்ம்ஸ் ஆகியவற்றைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் ஆயிரக்கணக்கானோர் பணிபுரியும் பல்கலைக்கழகத்திலோ மருத்துவமனையிலோ அரசுத் துறையிலோ படிவம் தயாரிப்பது அரை மணி நேர வேலை. அந்தப் படிவம் அதன்பின் ஐந்தாறு ஆண்டுகள் புழக்கத்தில் இருக்கும். சிக்கல்கள் எல்லாம் அந்தக் காலத்தில்தான் வருகின்றன.

கூகுள் ஃபார்ம்ஸ் 2008இல் கூகுள் விரிதாளின் துணை வசதியாக அறிமுகமானது. ஒருவர் தம் விரிதாளில் தகவல் சேர்க்க நண்பர்களிடம் சில கேள்விகள் கேட்பதுதான் அதன் தொடக்க நோக்கம். அந்தப் பிறவிக் குணம் இன்னும் போகவில்லை. படிவம் ஒரு தனிநபரின் கணக்கில் உருவாகிறது; அவரே அதன் உரிமையாளர். அவர் மாற்றலாகிப் போனாலோ ஓய்வு பெற்றாலோ படிவத்தின் கதி கேள்விக்குறிதான். மைக்ரோசாப்ட் ஃபார்ம்ஸில் படிவத்தை ஒரு குழுவின் பெயருக்கு மாற்றும் வழி உண்டு. அப்படி மாற்றாமல் ஒருவர் விலகிவிட்டால், அவர் கணக்கு நீக்கப்பட்ட 30 நாட்களுக்குள் நிர்வாகி அவருடைய படிவங்களை வேறொருவருக்கு மாற்றியாக வேண்டும். பெரிய அலுவலகத்தில் விலகியவர் வைத்திருந்த படிவங்கள் எவையென்று கண்டுபிடிக்கவே அந்த 30 நாள் போதாது. குழுவின் உடைமையாக இருப்பதே இயல்பு நிலையாகவும், தனிநபர் உடைமை விதிவிலக்காகவும் இருந்திருக்க வேண்டும்.

அடுத்தது வேலைப் பிரிவினை. கூகுள் ஃபார்ம்ஸில் ஒருவரைத் திருத்துநராகச் சேர்த்தால் அவர் கேள்விகளைத் திருத்தலாம். வந்த பதில்கள் அனைத்தையும் படிக்கவும் செய்யலாம். கேள்விகளில் எழுத்துப்பிழை பார்க்க அழைக்கப்பட்டவர் மாணவர்களின் சாதி, குடும்ப வருமானம், நோய் விவரங்கள் வரை பார்த்துவிடுகிறார். கேள்வி எழுதுபவர், பதிலைப் படிப்பவர், பதிலின்மேல் முடிவெடுப்பவர் ஆகிய மூவரும் வெவ்வேறு ஆட்களாக இருப்பதுதான் பெரிய நிறுவனத்தின் இயல்பு. மென்பொருள் அந்த மூவரையும் ஒருவராகவே காண்கிறது.

பதிப்புக் குழப்பம் இதைவிடக் கடினமானது, கண்ணுக்கும் எளிதில் தெரியாதது. ‘ஆண்டு வருமானம்’ என்றிருந்த கேள்வியை, பதில்கள் வந்துகொண்டிருக்கும்போதே ‘குடும்ப ஆண்டு வருமானம்’ என்று ஒருவர் திருத்துகிறார். பழைய பதில்களும் புதிய கேள்வியின் கீழேயே நிற்கின்றன. எந்தப் பதில் எந்த வாசகத்துக்கு அளிக்கப்பட்டது என்ற குறிப்பு பதில் பட்டியலில் இல்லை. அந்தப் பட்டியலை வைத்து உதவித்தொகை வழங்கினால், மறுக்கப்பட்டவர் மேல்முறையீட்டில் எதைக் காட்டுவார்?

காகிதப் படிவங்களின் உலகம் இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டது என்பதுதான் வேடிக்கை. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6 தேர்தல் விதிகளின் ஒரு பகுதி. அதை எந்த எழுத்தரும் தம் விருப்பப்படி திருத்த முடியாது. 2022இல் வாக்காளர்களின் ஆதார் எண்ணைப் பெறப் படிவம் 6பி கொண்டுவரப்பட்டபோது விதிகளைத் திருத்தியே அதைச் செய்தார்கள். அமெரிக்காவில் 1980ஆம் ஆண்டின் காகிதப்பணிக் குறைப்புச் சட்டப்படி, நடுவண் அரசுத் துறைகள் மக்களிடம் தகவல் கேட்கும் படிவங்களுக்கு ஒப்புதல் எண் பெற வேண்டும். செல்லத்தக்க எண் இல்லாத படிவத்தை நிரப்பாததற்காக யாரையும் தண்டிக்க முடியாது. அலுவலக நடைமுறையின் தாமதத்தை நாம் அனைவரும் திட்டியிருக்கிறோம். ஆனால் படிவ எண்ணும் பதிப்புத் தேதியும் அந்தத் தாமதத்தின் அங்கங்கள் அல்ல, பொறுப்பின் அடையாளங்கள்.

இயல்புநிலை அமைப்புகள் எவ்வளவு ஆபத்தானவை என்பதற்கு 2021இல் ஒரு பெரிய பாடம் கிடைத்தது. மைக்ரோசாப்டின் பவர் ஆப்ஸ் தளத்தில் உருவாக்கப்பட்ட இணைய வாயில்களிலிருந்து ஏறத்தாழ 3.8 கோடிப் பதிவுகள் பொதுவெளியில் திறந்து கிடந்ததை அப்கார்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்தியது. கொரோனா தொடர்பு கண்டறிதல், தடுப்பூசி முன்பதிவு தொடர்பான விவரங்களும் அவற்றில் இருந்தன. யாரும் பூட்டை உடைக்கவில்லை. அட்டவணைகளுக்கான அனுமதிக் கட்டுப்பாட்டை உருவாக்குபவர்தான் தனியே இயக்க வேண்டியிருந்தது, பலர் இயக்கவில்லை. நிரல் தெரியாதவர்களுக்காகச் செய்த கருவியில், நிரலாளருக்கே தோன்றக்கூடிய எச்சரிக்கையை எதிர்பார்த்தது வடிவமைப்பின் பிழை. பின்னர் மைக்ரோசாப்ட் அந்த இயல்புநிலையை மாற்றியது.

படிவத்தை நிரப்புபவரின் பக்கம் நின்றும் இதைப் பார்க்க வேண்டும். கூகுள் ஃபார்ம்ஸில் ஒரு கோப்பை இணைக்கச் சொன்னால் கூகுள் கணக்கில் நுழைந்தே தீர வேண்டும். கணக்கு இல்லாதவருக்கு அந்தப் படிவம் இல்லை. முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற இரண்டு கட்டாயக் கட்டங்களைக் கொண்ட வார்ப்புருக்களோ இனிஷியல் மட்டும் உள்ள தமிழரை ஒவ்வொரு முறையும் தடுமாற வைக்கின்றன. தந்தை பெயரைக் குடும்பப்பெயர் ஆக்கியவர், ஓர் எழுத்தை மட்டும் இட்டவர், தம் பெயரையே இருமுறை எழுதியவர் என ஒரே ஊர்க்காரர்கள் மூன்று விதமாகப் பதிவாகிறார்கள். ‘முழுப்பெயர்’ என்று ஒரே கட்டம் போதும்.

மாற்று இல்லாமல் இல்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2008இல் தொடங்கிய ஓ.டி.கே., நிவாரணப் பணிகளில் பரவலாகப் பயன்படும் கோபோடூல்பாக்ஸ் ஆகிய திறந்தமூலக் கருவிகளில் படிவத்துக்குப் பதிப்பு உண்டு. கோபோவில் ஒவ்வொரு பதிலுடனும் அது எந்தப் பதிப்புக்கு உரியது என்ற குறிப்பு சேர்ந்தே வரும். படிவத்தைத் திருத்தும் அனுமதியும் பதில்களைப் பார்க்கும் அனுமதியும் அங்கே தனித்தனி. இணைய இணைப்பு இல்லாத இடத்திலும் நிரப்பிக்கொள்ளலாம். சிக்கலான நிபந்தனைகளை அமைக்க விரிதாளில் சூத்திரங்கள் எழுதப் பழக வேண்டும் என்பதால் சாதாரண அலுவலர் இவற்றை நெருங்கத் தயங்குகிறார். கூகுளின் எளிமையும் கோபோவின் ஒழுங்கும் ஒன்றாகக் கிடைக்கும் பொருள் வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஒப்புதல், பதிப்பு, பொறுப்பாளர் என்று கட்டுப்பாடுகளைக் கூட்டினால் பணியாளர்கள் தம் சொந்தக் கணக்கில் இலவசப் படிவம் ஒன்றைத் தயாரித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். உண்மைதான், இப்போதே அதுதான் நடக்கிறது. ஆகவே கட்டுப்பாடு படிவத்தின் தன்மைக்கேற்ப மாற வேண்டும். மதிய உணவுக்கு ஆள் எண்ணும் படிவத்துக்கு எந்த ஒப்புதலும் தேவையில்லை. ஆதார் எண், நோய், வங்கிக் கணக்கு ஆகியவற்றைக் கேட்கும் கட்டம் சேர்க்கப்பட்டதுமே, ‘இதை யார் பயன்படுத்துவார், எதற்காக, எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள்?’ என்று மென்பொருள் கேட்டு, விடையைப் படிவத்திலேயே அச்சிட வேண்டும். தனிநபர் விவரங்களை நோக்கம் நிறைவேறியபின் அழிக்க வேண்டும் என்று இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. நோக்கத்தையே பதிவு செய்யாத கருவியில் அது நிறைவேறியதை எப்படி அறிவது?

முடிந்துபோன படிவங்களுக்கும் கவனம் தேவை. பழைய சுற்றறிக்கையில் உள்ள இணைப்பைச் சொடுக்கி வருபவருக்கு இப்போது ‘பதில்கள் ஏற்கப்படுவதில்லை’ என்ற ஒற்றை வரியே பெரும்பாலும் கிடைக்கிறது. எந்தத் தேதியில் மூடப்பட்டது, இப்போதைய படிவம் எது, விவரம் கேட்க எந்த அலுவலகத்தை அணுகலாம் ஆகிய மூன்றையும் நிரப்பாமல் படிவத்தை மூடவே விடக் கூடாது.