இரண்டாவது படம்

தமிழ் சினிமாவில் சோதனையே நிகழவில்லை என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பது சோம்பேறித்தனமான அபிப்ராயம். ஜெயகாந்தன் 1965-ல் 'உன்னைப்போல் ஒருவன்' எடுத்தார். வெங்கட் சாமிநாதன் எழுதிய 'அக்ரஹாரத்தில் கழுதை'யை ஜான் ஆபிரகாம் 1977-ல் எடுத்தார். நிகழாதது சோதனையின் தொடர்ச்சி.

ருத்ரய்யா, அடையாறு திரைப்படக் கல்லூரியில் படித்தவர். வண்ணநிலவனும் எழுத்தில் பங்குகொண்ட 'அவள் அப்படித்தான்' 1978 தீபாவளிக்கு வந்தது. கமல்ஹாசன், ரஜினிகாந்த், ஸ்ரீப்ரியா இருந்தும் கறுப்பு வெள்ளை. அதே தீபாவளிக்குக் கமலை வண்ணத்தில் பார்க்க 'சிகப்பு ரோஜாக்கள்' இருந்தது. ஜனங்கள் எந்தக் கொட்டகைக்குப் போனார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. 1980-ல் 'கிராமத்து அத்தியாயம்'. அதன் பாட்டு நின்றது, படம் நிற்கவில்லை. 2014-ல் இறக்கும்வரை, 34 வருஷம், மூன்றாவது படம் இல்லை.

கவிஞன் பத்துக் கவிதையைக் கிழித்துப் போடலாம், நஷ்டம் காகிதம்தான். டைரக்டர் அடுத்தவன் பணத்தில், ஊரறியத் தோற்க வேண்டும். நான் பாங்க் குமாஸ்தா, எனக்கு இதெல்லாம் கடனாகத்தான் புரிகிறது. காரியாபட்டிப் பக்கம் மானாவாரி நிலம். மழை பொய்த்த வருஷம் பயிர்க் கடனை மத்திய காலக் கடனாக மாற்றித் தவணையைத் தள்ளிப் போடுகிறோம். சம்சாரி அடுத்த புரட்டாசியில் மறுபடி விதைக்கிறார். கோடம்பாக்கத்து வட்டிக்கு அப்படி ஒரு புரட்டாசி கிடையாது. அடூர் கோபாலகிருஷ்ணனின் 'சுயம்வரம்' (1972) அரசின் ஃபிலிம் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன் கடனில் எடுத்தது. பின்னால் சித்ரலேகா கூட்டுறவுச் சங்கம் இருந்தது. ஐந்து வருஷம் கழித்தாவது 'கொடியேற்றம்' வர முடிந்தது. நம்முடைய சிறுபத்திரிகைகள் விமர்சனம் எழுதியதோடு கை கழுவிவிட்டன.

இழப்பு என்ன என்பதை 'அவள் அப்படித்தா'னிலேயே பார்க்கலாம். பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் அருண், தான் மணந்து அழைத்து வந்த பெண்ணோடு காரில் வருகிறான். உடன் வரும் மஞ்சு அவளிடம் பெண் விடுதலை பற்றிக் கேட்கிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. மஞ்சு இறங்கிக்கொள்கிறாள், கார் போகிறது. தமிழில் இதற்கு இணையான முடிவு என் நினைவில் இல்லை. ஆனால் ருத்ரய்யா அதை நம்பவில்லை. ஒரு குரலைக் கொண்டுவந்து மஞ்சு யார் என்று விளக்குகிறார். முதல் படத்துப் பயம் அது. நாலாவது, ஐந்தாவது படத்தில் அந்தக் குரலை அவரே வெட்டியிருப்பார்.