‘புரோ கிட்’ – நூல் மதிப்பீடு

ஒரே நிரலை நால்வர் எழுதும்போது, ஒருவர் திருத்தம் மற்றவர் திருத்தத்தை அழிக்காமல் காப்பது எப்படி? லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய ‘கிட்’ அதற்கு வழி செய்கிறது. ஸ்காட் சக்கோன், பென் ஸ்ட்ராப் எழுதிய ‘புரோ கிட்’ (இரண்டாம் பதிப்பு, 2014) அதைக் கற்பிக்கும் ஆங்கில நூல். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

கட்டளைகளுக்கு முன் கருத்தை விளக்குவது இந்நூலின் சிறப்பு. ஒவ்வொருவர் கணினியிலும் நிரலின் முழு வரலாறும் இருக்கும் என்பதை முதல் அத்தியாயமே தெளிவாக்குகிறது. ஆகவே, கல்வராயன் மலையில் இணையத் தொடர்பு அறுந்தாலும் வெள்ளிமலை மாணவர் தம் திருத்தத்தைப் பதிவு செய்யலாம்; கள்ளக்குறிச்சிக்கு இறங்கியதும் நண்பர்களுக்கு அனுப்பலாம்.

குறையும் உண்டு. பதிவு செய்யும் ‘கமிட்’ கட்டளை இரண்டாம் அத்தியாயத்தில் வருகிறது. பதிவுக் குறிப்பை எழுதும் முறையோ ஐந்தாவதில்தான். இது சிறு குறையன்று. ஆய்வகக் குறிப்பேட்டில் ஏன் மீண்டும் அளந்தோம் என்று எழுதாவிட்டால் புதிய அளவீட்டால் பயன் என்ன? ‘சரி செய்தேன்’ என்ற குறிப்பும் அத்தகையதே. இருவர் ஒரே வரியை மாற்றினால் எது நிற்க வேண்டுமென்று கிட் முடிவு செய்யாது. நீங்கள்தாம் முடிவு செய்ய வேண்டும். அப்போது கைகொடுப்பது அந்தக் குறிப்பே.

எனவே, இரண்டாம் அத்தியாயம் முடிந்ததும் ஐந்தாவதில் அப்பகுதியைப் படித்துவிட்டு மூன்றாவதற்குத் திரும்புங்கள்.