பங்கனபள்ளியும் பாஸாவும்

நெத்திலி மாங்காய்க் குழம்பின் பேத்திதான் மாம்பழ சல்சா போட்ட இந்த ‘அவன்’ மீன் என்று ஒரு வாதம் இந்தக் கோடையில் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. சொல்பவர்கள் விவரம் தெரிந்தவர்கள், நன்றாகச் சமைப்பவர்களும்கூட. மீனும் மாங்காயும் நம் சட்டியில் காலங்காலமாகச் சேர்ந்து வெந்தவை, இப்போது சட்டிக்குப் பதில் ஓ.டி.ஜி., புளிக்குப் பதில் எலுமிச்சை, காய்க்குப் பதில் பழம், அவ்வளவுதானே என்கிறார்கள். சென்னைக் கோபாலபுரத்து அடுக்குமாடிகளில் பல வீடுகளுக்கு இதுதான் இப்போது ஞாயிற்றுக்கிழமை விருந்து. முள் நீக்கிய மீன் துண்டம், மேலே ஆலிவ் எண்ணெயும் மிளகும், 200 டிகிரியில் பன்னிரண்டு நிமிடம். வெளியே எடுத்ததும், தலையில்லாத அந்த மீனின் தலைமேல் பொடியாக நறுக்கிய பங்கனபள்ளி, வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி. பேர் சல்சா. படம் எடுத்துவிட்டுச் சாப்பிடுகிறார்கள்.

கொடுக்க வேண்டியதை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன். எண்ணெய் மிச்சம், நேரமும் மிச்சம். மீன் பொரித்த வாடை படிக்கட்டு வரை போகாது. ‘சைவம் மட்டும்’ என்று பலகை தொங்கும் தெருக்களில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. சல்சாவும் ருசியானதுதான். மெரினாவில் கிளிமூக்கு மாங்காய்ப் பத்தையில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தின்று வளர்ந்த ஊருக்கு அதை விளக்கவே வேண்டாம். வெளிநாட்டுச் சமையல் என்ற புகாரும் எனக்குக் கிடையாது. மிளகாய், தக்காளி, அன்னாசி, பப்பாளி எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்து நம் அடுக்களையில் குடியேறியவை. மாம்பழம் இங்கிருந்து கிழக்கே போய், பிலிப்பைன்ஸிலிருந்து ஸ்பானியக் கப்பல்களில் மெக்சிகோ சேர்ந்தது. கணக்கு நேர்.

என் வழக்கு அந்த ஃபில்லட்டின் மேல்தான். ரொம்ப நாள் வழக்கு.

பெரும்பாலான வீடுகளில் அது பாஸா. வியட்நாமின் மீகாங் ஆற்று முகத்துவாரத்தில் குளங்களில் வளர்க்கப்படும் கெளுத்தி இனம். இப்போது ஆந்திரத்திலும் ஏராளமாக வளர்க்கிறார்கள். வாட்ஸப்பில் சுற்றும் பாஸா புரளிகளை நான் நம்புவதில்லை. அது விஷமும் இல்லை, குப்பையும் இல்லை. மலிவான, சுத்தமான, வெள்ளையான மீன். அதற்கு ருசி இல்லை என்பதுதான் அதன் விற்பனைத் தகுதி. மீன் பிடிக்காதவர்களுக்காக விற்கப்படும் மீன் அது.

பாக்கெட்டைப் பிரித்துப் பாருங்கள். மேலே கண்ணாடி மாதிரி ஒரு பனிப்படலம். உலராமல் இருப்பதற்காகத் தண்ணீரில் முக்கி உறைய வைத்தது அது. எடைக்குக் காசு கொடுக்கும்போது அந்தத் தண்ணீருக்கும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோமா என்று பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில்தான் தேட வேண்டும். சதைக்குள் நீரைப் பிடித்து வைக்கப் பாஸ்பேட் உப்பு சேர்ப்பதும் இந்தத் தொழிலில் சகஜம். ‘அவனுக்குள்’ போனதும் அந்த நீரெல்லாம் வெளியே வருகிறது. ஐந்தாவது நிமிடத்தில் தட்டின் அடியில் பால் கலந்தாற்போல ஒரு கலங்கல் தண்ணீர் நிற்கிறது. மீன் அதில் வேகிறது, சுடப்படுவதில்லை. துண்டத்தின் வால்பக்கம் மெலிந்து உலர்ந்து ஓரம் சுருண்டுவிட, நடுப்பகுதி இன்னும் கொழகொழவென்று இருக்கிறது. விரிசல்களில் வெள்ளை வெள்ளையாகப் புரதம் கசிந்து உறைந்து நிற்கும். அதை மறைக்கத்தான் பங்கனபள்ளி.

மறைக்க என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். ஒரு சமையலில் எதை எடுத்தால் எது நிற்கிறது என்று பார்ப்பது எளிய சோதனை. நெத்திலிக் குழம்பில் மாங்காயை எடுத்துவிடுங்கள். புளியைக் கொஞ்சம் கூட்டினால் குழம்பு நிற்கும், மறுநாள் இட்லிக்கும் நிற்கும். இங்கே சல்சாவை எடுத்துவிட்டால் தட்டில் மிச்சம் இருப்பது மருத்துவமனைச் சாப்பாடு. மீனை எடுத்துவிட்டால் ஒரு குறையும் இல்லை. சல்சாவை அப்பளத்தில் வைத்துத் தின்னலாம், இன்னும் நன்றாகவே இருக்கும். மீன் சமையல் என்று பேர் வைத்துவிட்டு மீனை மட்டும் தேவையில்லாததாக ஆக்கிவைத்திருக்கும் ஒன்றை என்னவென்று சொல்வது?

நல்ல மீனில் செய்யலாமே, வஞ்சிரத்தில் செய்யலாமே என்பார்கள். செய்யலாம். எப்போது என்பதுதான் கேள்வி. பேத்தி வாதம் உடைவதும் இங்கேதான்.

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் முட்டையிடும் காலம் என்பதால் 2001-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. முன்பு 45 நாள், 2017 முதல் 61 நாள். விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. காசிமேட்டுத் துறைமுகத்தில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும், வலை தைப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள். பங்கனபள்ளி கடைக்கு வந்து குவிந்து, விலை இறங்கி, பழுத்து முடியும் காலமும் ஏறக்குறைய அதே இரண்டு மாதம்தான். மாம்பழம் மலிந்து கிடக்கும்போது பெரிய மீன் இல்லை. வஞ்சிரம் கிலோ ஆயிரம் ரூபாயைச் சாதாரணமாகத் தாண்டும். கடையில் இருப்பதிலும் பாதி, கேரளக் கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் ராத்திரியெல்லாம் லாரியில் வந்தது. மேற்குக் கரையிலும் ஜூனில் தடை தொடங்கிவிட்டால் அதுவும் சுருங்கிப்போகும்.

ஆக, மாம்பழ சல்சா போட்ட கனமான வெள்ளை மீன் துண்டம் என்கிற இந்தச் சமையல் குறிப்பு, சென்னைக் கடல் எப்போது அதைத் தராதோ சரியாக அப்போது அதைக் கேட்கிறது. கடல் இல்லை என்றதும் ஃப்ரீசரிடம் போகிறது.

அந்த இரண்டு மாதமும் கரை காலியாகவா கிடக்கிறது? ஃபைபர் படகுகளுக்கும் கட்டுமரங்களுக்கும் தடை கிடையாது. கோபாலபுரத்திலிருந்து ராதாகிருஷ்ணன் சாலையில் நேராகப் போய் காந்தி சிலையில் திரும்பினால், கலங்கரை விளக்கத்தைத் தாண்டி நொச்சிக்குப்பம். ஏறக்குறைய 3 கிலோமீட்டர். 2023-இல் அங்கே லூப் சாலையோர மீன்கடைகளை அகற்றியபோது பெரிய போராட்டம் நடந்தது. 2024-இல் திறந்த புதிய அங்காடியில் 300-க்கும் மேற்பட்ட கடைகள் இருக்கின்றன. மே மாதக் காலையில் அங்கே போய்ப் பாருங்கள். நெத்திலி, காரப்பொடி, கவளை, மத்தி, கானாங்கெளுத்தி, சின்னச் சங்கரா, நண்டு. பெரிய மீன் ஒன்றிரண்டு வந்தாலும் விடியும் முன்பே யாராவது கொண்டுபோயிருப்பார்கள். “ஐஸ் மீனுக்கு ஏண்ணா நிக்கிற, இத பாரு” என்று ஒரு அக்கா கானாங்கெளுத்தியின் செவுளை விரலால் நெம்பிக் காட்டுவார். உள்ளே ரத்தச் சிவப்பு. கண் பளபளவென்று துருத்திக்கொண்டிருக்கும், வயிற்றை அழுத்தினால் குழி விழாது. இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் கடலில் இருந்த மீன் அது. இந்த ஊரில் மே மாதத்தில் காசு கொடுத்து வாங்கக்கூடிய ஆகச் சிறந்த மீன்.

ஃபில்லட் கேட்கும் சமையலுக்கு அது பயன்படாது. முள் இருக்கிறது.

மாங்காய்க் குழம்பு எப்படி உண்டானது என்பதும் இங்கேதான் பிடிபடுகிறது. காய் மலிந்த மாதத்தில் கரையில் எது கிடைத்ததோ அதைச் சட்டியில் போட்டார்கள். மரத்திலிருந்து விழுந்த காயும் கரைவலையில் ஏறிய பொடிமீனும் ஒரே கூடைக்கு வந்தன. நெத்திலியின் தலையைக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளி இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும். கல்லுப்புப் போட்டு அலசி, குழம்பில் மாங்காய் பாதி வெந்த பிறகுதான் மீனைப் போடுவார்கள். அதற்குமேல் கரண்டி போடக் கூடாது. சட்டியைத் துணியால் பிடித்து ஒரு குலுக்கு, அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் இறக்கிவிடலாம். மாங்காயின் புளிப்பு மீனுக்குள் போயிருக்கும், மீனின் நெய் மாங்காய்க்குள் போயிருக்கும். ‘அவன்’ மீனில் இந்தப் போக்குவரத்தே இல்லை. மீன் தனியாக வேகிறது, பழம் தனியாக நறுக்கப்படுகிறது, இரண்டும் மேஜையில்தான் முதல்முறை சந்திக்கின்றன. மாம்பழத்துக்குப் பதில் அன்னாசியும் பப்பாளிக்காயும் போடுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை: பச்சையாக இருக்கும் வரை அவற்றில் புரதத்தைக் கரைக்கும் நொதி இருக்கிறது, விருந்தாளி வர அரை மணி தாமதமானால் மீனின் மேல்பக்கம் மாவாகிவிடும். இந்த இரண்டு சமையலுக்கும் இடையே பாட்டி, பேத்தி உறவை நான் எங்கே தேடுவது?

உடம்புக்கு நல்லது என்பது அடுத்த தற்காப்பு. எண்ணெய்க் கணக்கில் சரி. ஆனால் மீன் சாப்பிடச் சொல்லும் மருத்துவர்கள் எதற்காகச் சொல்கிறார்களோ, அந்த ஒமேகா-3 கொழுப்பு பாஸாவில் மிகக் குறைவு. மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும் அது பல மடங்கு. நெத்திலியை முள்ளோடு மென்றால் கால்சியமும் வரும். விலை கொடுத்து ஆலிவ் எண்ணெய் வாங்கி, ஒமேகா-3 அவ்வளவாக இல்லாத மீனின் மேல் தடவி, ஆரோக்கியம் என்று சொல்லிக்கொள்கிறோம்.

கொடுவாவைச் சொல்வார்கள், அதற்கு மட்டும் நான் கொஞ்சம் தயங்குவேன். சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-இல் கொடுவாவைப் பிடித்துவைத்த நிலையில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது. அதன் பலனாக இன்று பண்ணைக் கொடுவா தடைக்காலத்திலும் கிடைக்கிறது. சதை கனமானது, ருசி உண்டு, ‘அவனுக்கு’ ஏற்ற மீன். முழு மீனாக வாங்கி, இரு பக்கமும் மூன்று கீறல் போட்டு, உப்பும் மஞ்சளும் தடவி, முள்ளோடும் தோலோடும் தலையோடும் வைத்தால் வெப்பம் நடுமுள்ளைச் சுற்றி மெதுவாக ஏறும், தோல் சதையை உலரவிடாது, முள்ளோரத்துச் சதைதான் கடைசியில் ஆகச் சிறந்த கவளமாக வரும். கூடவே சல்சா இருந்தால் எனக்கு ஆட்சேபணை கிடையாது. மெக்சிகோவிலேயே வெராக்ரூஸ் கரையின் பேர்போன மீன் சமையல், நம் சங்கராவுக்குச் சொந்தக்கார மீனை முழுசாகத் தக்காளியிலும் ஆலிவ் காயிலும் வேகவைப்பது; பசிபிக் கரையில் நயாரித் பக்கம் மீனை முள்ளோடு பிளந்து விறகுத் தணலில் வாட்டுகிறார்கள். சல்சாவைக் கண்டுபிடித்தவர்களுக்கு முள் பயம் இல்லை. ஆனால் கோபாலபுரத்தில் கொடுவா வாங்குபவரும் கடைக்காரரிடம் கேட்பது என்ன? “முள் எடுத்து, தோல் உரிச்சு, பீஸ் போட்டுக் குடுங்க.” தலையும் முள்ளும் அங்கேயே கழிவுத் தொட்டிக்குப் போகின்றன. மீனின் பாதி ருசி அதில் போகிறது, காசும் போகிறது.

எல்லாம் போய்க் கடைசியில் குழந்தைகள் முன்னால் நிறுத்தப்படுகிறார்கள். “முள் குத்திடும், பாவம்.” ஐந்து வயதுக்குக் கீழே சரி. பல் செட் போட்ட தாத்தாவுக்கும் சரி. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு என்ன கேடு? கைப்பேசியில் அவன் விரல் போகிற வேகத்துக்குக் கானாங்கெளுத்தியின் நடுமுள்ளை ஒரே இழுப்பில் உருவலாம். முள் எடுக்க யாரும் பாடம் நடத்துவதில்லை. அம்மா பிரித்துக் கொடுத்ததைத் தின்று, பிறகு தானே பிரித்து, ஒருமுறை தொண்டையில் குத்தி, ஒரு வெறும் சோற்று உருண்டையை விழுங்கி, அப்படித்தான் வரும். ஃபில்லட் வீட்டுக்கு வந்தால் இந்த ஏற்பாடு ஒரு தலைமுறையில் முடிந்துவிடும். இந்தத் தெருக்களில் வளரும் பிள்ளைகளுக்குச் சால்மன் தெரிகிறது, பாஸா தெரிகிறது. காரப்பொடியைக் காட்டினால் பூனைக்கா என்று கேட்கிறார்கள். நான் மிகைப்படுத்துவதாகச் சிலர் சொல்வார்கள். சொல்லட்டும், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளையே கேட்டுப் பார்க்கலாம்.

நேர்மையாக இந்தச் சமையலைச் செய்து பார்க்க வருஷத்தில் ஒரு சின்ன இடைவெளி உண்டு. ஜூன் 14 நள்ளிரவு தாண்டியதும் விசைப்படகுகள் கிளம்பும். சில நாட்களில் வஞ்சிரம், பாறை, பெரிய சங்கரா எல்லாம் இறங்கும், விலை மெல்லத் தணியும். பங்கனபள்ளி அப்போது முடிந்துபோயிருந்தாலும் நீலமும் ருமானியும் ஜூலையிலும் கிடைக்கும். நீலத்தில் பூச்சி பார்த்து வாங்க வேண்டும், ருமானியின் லேசான புளிப்பு மீனுக்குப் பங்கனபள்ளியைவிடப் பொருந்தும். ஒரு முழு சங்கரா, ஒரு ருமானி, நாலு சின்ன வெங்காயம். யாராவது அழைத்தால் வந்து சாப்பிடத் தயார். ஆனால் ஜூலையில் யார் இதைச் செய்யப்போகிறார்கள்? பத்திரிகைகள் ஆடிக்கூழுக்குப் போயிருக்கும், வீட்டில் மாம்பழம் சலித்திருக்கும், ஃப்ரீசரில் மே மாதம் வாங்கிய பாஸா பாக்கெட் இரண்டு மிச்சம் இருக்கும். முதலில் அதைத் தீர்க்க வேண்டுமே.